மாடி வீடு காலி – அத்தியாயம் 9: ஒழுகாத குழாய்

பட்டுச்சேலை வேண்டாம் என்று ரூத் எம்புட்டோ சொல்லிப் பார்த்தாள். பிலோமினாள் கேட்டால்தானே!

“எம்மா, அது கருத்தரங்கும்மா. காதுகுத்து இல்ல.”

“எம் மக பரிசு வாங்குறது எனக்குக் காதுகுத்துக்கும் மேல. நீ போயி உம் பேச்சை மனப்பாடம் பண்ணு.”

விருதுச் சேதி வந்த நாளிலிருந்தே பழங்காநத்தத்து வீட்டில் இந்தக் கூத்துத்தான். உளவியலில் ஆராய்ச்சி பண்ணுகிற ரூத்துக்குப் போன வருசம் வடக்கே இருக்கிற ஒரு அறக்கட்டளை நிதி கொடுத்தது. நாட்டில் தீராமல் கிடக்கிற பிரச்சினைகளை மனுசர் மனசு வழியாகப் பார்க்கிற ஆராய்ச்சிக்கென்றே கொடுக்கிற நிதி. இப்போது அதே ஆராய்ச்சிக்கு விருதும் வந்துவிட்டது. ஆனால் என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் மட்டும் அவள் பிடி கொடுக்க மாட்டாள். “முடியிற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதும்மா. விருது வாங்குற அன்னைக்கு முன்வரிசையில உக்காந்து கேட்டுக்க.”

அதனால் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் பிலோமினாள் தானாகவே ஒரு பதில் தயார் பண்ணி வைத்திருந்தாள். “மனசை ஸ்கேன் எடுக்குற படிப்பு.”

அவள் வீட்டுக்காரர் சவரியப்பன், பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கியே தோள் காய்த்தவர். சுமைதூக்குவோர் சங்கத்துக்குத் தலைவராக இருந்த காலத்தில், “மூட்டைக்குச் சாதி தெரியாது, தூக்குற தோளுக்கும் தெரியக் கூடாது” என்று அவர் பேசினால் லாரி டிரைவர்கள்கூட இறங்கி வந்து நின்று கேட்பார்கள். முழங்கால் தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்த பிறகு அவருக்கு ஒரே குறைதான். உடம்பைக் கரைத்துக் கட்டின மாடி வீடு மாசக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. கேட்டில் போர்டு தொங்குகிறது. பிலோமினாள் நம்பருக்குப் போனும் வருகிறது. குடிவர ஆளைத்தான் காணோம். மாடியில் பைப்பு ஒழுகுகிறது என்று அவள் அவரிடம் சொல்ல, ரூத் கல்லூரிக்குப் போயிருந்த நேரத்தில் குழாய் வேலை பார்க்கிற சுருளி வந்து பார்த்துவிட்டு, சவரியப்பன் காதில் மட்டும் என்னமோ முணுமுணுத்துவிட்டுப் போனான். போன வாரம் அங்கேதான் நின்றோம்.

ஆட்டோவில் முன்னால் டிரைவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த மகன் மெர்வின், பின்னால் திரும்பிச் சொன்னான்.

“எம்மா, மேடைக்குக் கூப்பிட்டா மைக்கை மட்டும் வாங்கிராத. நீ பேச்சை முடிக்கிறதுக்குள்ள அடுத்த வருசத்து விருதே வந்துரும்.”

“போடா. பேசத் தெரிஞ்சவ பேசுறேன். ஒங்கப்பாவை மாதிரி சங்கத்துல இடி இடிச்சிட்டு வீட்டுல ஊமையா உக்காந்திருக்கச் சொல்றியா?”

சவரியப்பன் மீசையை நீவிக்கொண்டார். சிரிப்பு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

கல்லூரி மண்டபம் குளிர்சாதனம் போட்டு ஜில்லென்று இருந்தது. முன்வரிசையில் அவர்களை உட்கார வைத்துவிட்டு, ரூத் மேடைப் பக்கம் கை காட்டினாள். “அந்தா நீலச் சுடிதார் போட்டிருக்கால்ல, அவதாம்மா முத்துமீனா. என்னோட ஆராய்ச்சியில பாதி அவ உழைப்பு.”

“அவளா? எம்புட்டுத் தடவை சாப்பிடக் கூப்பிட்டு விட்டிருக்கேன். ஒரு நாளும் எட்டிப் பாக்கலையே. பெரிய இடத்துப் பிள்ளையோ?”

“போம்மா. அவளுக்குக் கூச்சம்.”

ரூத்தின் வழிகாட்டியான மாதங்கி மேடம் எழுந்து விருதைப் பற்றிப் பேசினார். எங்கெங்கிருந்தோ வந்த ஆராய்ச்சிகளில் இந்த ஒன்றை நடுவர்கள் ஒரே மனசாகத் தேர்ந்தெடுத்தார்களாம். பிலோமினாளுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதிக்கே கண் நிறைந்துவிட்டது.

அப்புறம் ரூத் மைக் முன்னால் வந்தாள்.

“நாங்க வாடகைக்கு வீடு தேடுறவங்களா நடிச்சோம். மதுரையில வீடு காலின்னு போர்டு தொங்குன இடத்துக்கெல்லாம் போன் பண்ணினோம். கேட்டவங்க எல்லாருக்கும் ஒரே சம்பளம் சொன்னோம், ஒரே மாதிரி சின்னக் குடும்பம்னு சொன்னோம். ஊர்ல எந்தப் பக்கத்து ஆளுங்கிறதை மட்டும் ஒவ்வொரு போனுக்கும் மாத்தினோம்.”

ரூத் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“யாரும் எங்களைத் திட்டலை. சாதிப் பேரைச் சொல்லி யாரும் கேக்கலை. எல்லாரும் ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. எங்க ஆராய்ச்சியே அந்த மரியாதையைப் பத்தினதுதான். ஒரே ஒரு பேச்சை மட்டும் உங்களுக்கு நடிச்சுக் காட்டுறோம். பேரு, ஊரு எல்லாம் மாத்தியாச்சு. பேசப் போறதும் வேற பொண்ணுங்க. வார்த்தைங்க மட்டும் நிஜம்.”

ரெண்டு மாணவிகள் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி வீடு தேடுகிறவள். இன்னொருத்தி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வீட்டுக்காரி ஆனாள்.

“கிறிஸ்டியனாத்தா நீ? கேக்கவே சந்தோசமா இருக்கு. எந்தப் பங்கு?”

கூட்டம் சிரித்தது. பிலோமினாளும் சிரித்தாள். வீட்டுக்காரரை முழங்கையால் இடித்து, “பாத்தீங்களா, நம்ம பங்குக்காரிக மாதிரியே பேசுது கழுதை” என்றாள்.

வீடு தேடுகிற பெண் தான் பூசைக்குப் போகிற பங்குக் கோயிலின் பெயரைச் சொன்னாள்.

“அது வெளியூர்ல இருந்து டவுனுக்கு வந்தவுக போற பங்குல்ல? சொந்த ஊரு எதுத்தா?”

ஊர் பெயர் வந்தது.

“நல்ல ஊருதான். நீங்க ஊருக்குள்ளயா, காலனியா?”

தலைச்சுமை நழுவுவது கண்ணுக்குத் தெரிகிறதுக்கு முன்னாடியே கழுத்துக்குத் தெரிந்துவிடும். சுமந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பிலோமினாளுக்கும் அந்த நிமிசம் கழுத்தில்தான் தெரிந்தது. சிரித்த வாய் மூடவில்லை. ஆனால் சிரிப்பு போய்விட்டிருந்தது.

“காலனிங்கம்மா.”

“ஓகோ.” மேடையில் வீட்டுக்காரி கொஞ்சம் நிறுத்தினாள். “நல்லதுத்தா. ஆனா பாரு, மாடியில பைப்பு ஒழுகுது. பாத்ரூம் பூராத் தண்ணி. சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு நீ வழுக்கி விழுந்தா எனக்குத்தான பாவம்? சரி பண்ணிட்டு நானே கூப்பிடுறேன். நம்பர் இருக்கு. மாதா உனக்குத் துணையிருப்பா தாயி.”

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. பின்னால் யாரோ கைகூடத் தட்டினார்கள். தெரிந்த சிரிப்பு அது. எல்லோர் வீட்டிலும் ஒரு பைப்பு ஒழுகியிருக்கும் போல.

அப்புறம் சிரிப்பு தானாகவே அடங்கியது. அடங்கினது சிரிப்பை விடப் பெரிய சத்தமாக இருந்தது.

பிலோமினாள் சவரியப்பனைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் அவளைப் பார்ப்பது கன்னத்தில் அடுப்பு அனல் மாதிரிப் பட்டது.

“பிலோமி.” மூச்சுக் காற்றில் வந்தது அவர் குரல். “பைப்பு...”

அவள் முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

நான் சாதியே கேக்கலையே. அது மட்டும்தான் அவள் மனசில் ஓடியது. எந்தப் பங்கு, எந்த ஊரு, ஊருக்குள்ளயா காலனியா. கோயிலில் புதுசாக யாரைப் பார்த்தாலும் எல்லோரும் கேட்பதுதானே. அவள் அம்மாவும் அதைத்தான் கேட்டாள், மாமியாரும் அதைத்தான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்ததே இல்லை. இப்போது பெற்ற மகள் இம்புட்டுப் பேர் நடுவில் பிரித்து வைத்துவிட்டாள். யாருடைய கேள்வி என்று மகளுக்குத் தெரியுமா? அதுதான் தெரியவில்லை.

ரூத் பேசிக்கொண்டே போனாள். முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை.

“மறைச்சுச் செஞ்ச ஆராய்ச்சியை மறைச்சே முடிக்கக் கூடாதுன்னு அறக்கட்டளை நிபந்தனை போட்டிருக்கு. அடுத்த நிதி அதுக்குத்தான். அடுத்த மாசத்துல இருந்து அந்த வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தரையும் தேடிப் போவோம். போன் பண்ணினது நாங்கதான்னு சொல்லுவோம். திட்ட மாட்டோம். உக்காந்து பேசுவோம். எனக்கு முதல்ல பாக்கணும்னு ஆசையா இருக்கிறது இந்த பைப்பு அம்மாவைத்தான்.”

மறுபடி சிரிப்பு.

தெரியாது. மகளுக்குத் தெரியாது. பிலோமினாளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அப்படியே நின்றது. ஏனென்றால், வீட்டுக்காரிக்குப் போன் பண்ணின நிஜப் பெண் ஒருத்தி இருப்பாள். இந்த மண்டபத்திலேயே இருப்பாள். அவளுக்குக் குரல் தெரியும்.

“இப்ப எங்க அம்மா மேடைக்கு வரணும்” என்றாள் ரூத். “ரெண்டு வார்த்தை பேசணும்.”

மெர்வின் எழுந்து விசில் அடித்தான். “எம்மா, ரெண்டுன்னா ரெண்டுதான்!”

எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் திணித்தார்கள். கண்ணுக்கு முன்னால் நீலச் சுடிதார் உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, கை தட்டவும் இல்லை. பிலோமினாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் காய்கறி வண்டிக்காரனை அரை மணி நேரம் நிறுத்தி வைக்கிற வாய் அது. பங்குச் சாமியாரையே வழிமறித்துக் கதை கேட்கிற வாய். இன்றைக்கு உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்ணில் நீர் கொட்டியது.

“ஆனந்தக் கண்ணீர்” என்றார் மாதங்கி மேடம் பக்கத்து மைக்கில். “இதை விடப் பெரிய உரை என்ன வேணும்?”

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது.

வாழ்க்கையில் அவள் வாங்கின அடி எத்தனையோ. அந்தக் கைதட்டு மாதிரி ஒன்றும் வலித்ததில்லை.

தேநீர் இடைவேளையில் எல்லோரும் கேசரித் தட்டோடு வராந்தாவில் நின்றார்கள். வந்தவர் போனவரெல்லாம் பிலோமினாளிடம் வாழ்த்துச் சொன்னார்கள். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள்.

“எங்கம்மா பேசாம இருக்கு” என்று மெர்வின் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னான். “இதுக்கே தனியா ஒரு விருது குடுக்கலாம்ணே. நாங்க வீட்டுல முயற்சி பண்ணித் தோத்த ஆராய்ச்சி.”

அவனைப் பேப்பர்காரர் போட்டோவுக்குக் கூப்பிட்டுப் போனார். ஓரத்தில் பிலோமினாளும் சவரியப்பனும் மட்டும் நின்றபோது, முத்துமீனா ஒரு டம்ளரோடு வந்தாள்.

“வெந்நிம்மா. தொண்டைக்கு.”

பிலோமினாள் வாங்கிக்கொண்டு தலையாட்டினாள்.

“நீங்க பேசாட்டியும் எனக்குத் தெரியும்மா.”

பிலோமினாள் டம்ளரை வராந்தாத் திண்டில் வைத்தாள்.

“போன் பண்ணினது நான்தான். அவங்கவங்க ஏரியாவுல அவங்கவங்க பேசக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு விதி. அதனால பழங்காநத்தம் எனக்கு வந்துச்சு. போர்டைப் பாத்துட்டுப் பேசினேன். யாரு வீடுன்னு தெரியாது. கொஞ்ச நாள் கழிச்சு ரூத் போன்ல சார்ஜ் இல்லைன்னு, எம் போன்ல இருந்து உங்களைக் கூப்பிடச் சொல்லி நம்பர் சொன்னா. நான்தான் அடிச்சேன். அடிச்சதும் ‘பைப் அம்மா’ன்னு பேரு வந்துச்சு. நான் அப்படித்தான் பதிஞ்சு வச்சிருந்தேன்.”

“ரூத்துக்கு?” மேடை ஏறினதிலிருந்து பிலோமினாள் வாயில் வந்த முதல் சொல். பாதிதான் வந்தது.

“தெரியாது. மேடையில இந்தப் பேச்சைத்தான் போடணும்னு அவ எடுத்தப்ப, வேற எடுடின்னு கெஞ்சிப் பாத்தேன். இதை விட நல்லா வேற எதுவும் இல்லைன்னுட்டா.” முத்துமீனா குரலைத் தாழ்த்தினாள். “அந்த நம்பரை நான் பாத்துக்கிறேம்மா. ஆளு வீட்டை வித்துட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிருவேன். அவ சந்தோசமா இருக்கா. நொறுங்கிருவா.”

“நீ... நடிக்கத்தான தாயி செஞ்ச? காலனின்னு...”

“மத்த பிள்ளைகளுக்கு அது எழுதிக் குடுத்த வசனம்மா. எனக்கு வீட்டு விலாசம். திருவாதவூர்ல ஊருக்கு வெளிய.”

யாரோ கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள். கூச்சக்காரி என்று ரூத் சொன்ன பெண், எம்புட்டுக் கூப்பிட்டும் வீட்டுப் படி ஏறாத பெண்.

சவரியப்பன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். “அந்தப் பிள்ளை சொல்றதுதான் சரி, பிலோமி. வாயத் தொறக்காத. அப்படியே அமுக்கிரு.”

பிலோமினாள் திரும்பி அவரைப் பார்த்தாள். மூட்டைக்குச் சாதி தெரியாது என்று லாரி மேல் ஏறி நின்று முழங்கின வாயா இது?

“நீங்களா சொல்றீங்க?”

“பேப்பர்ல போட்டோ வருது. நாளைக்குச் சங்கத்து ஆளுக அம்புட்டுப் பேரும் பாப்பாங்க. தலைவன் வீட்டு லட்சணம் இதுதானான்னு கேப்பாங்க. மகளோட பேரும் கெட்டுப் போகும்.”

“நான் செஞ்ச பாவத்துக்கு நீங்க எதுக்குப் பயப்படுறீங்க? ஒங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. பைப்பு ஒழுகுதுன்னு நெனச்சுச் சுருளியக் கூட்டிட்டு வந்த மனுசன் நீங்க.”

சவரியப்பன் கேசரியைக் கிளறினார். வாயில் வைக்கவில்லை.

“சுருளி அன்னைக்கே சொல்லிட்டான். பைப்பு காஞ்சு கெடக்கு, ஒரு சொட்டுக்கூட ஒழுகலைன்னு.”

“தெரியுமா ஒங்களுக்கு?”

“ம்.”

“தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கேட்டிருந்தா, வந்த ஆளைக் குடிவச்சிருக்கணும்ல.”

பிலோமினாளுக்கு மேடையில் விழுந்தது ஒரு அடி என்றால், இது அதற்கும் மேலே விழுந்தது. இத்தனை நாளும் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தான் மட்டும் ஒளித்து வைத்த அழுக்கு என்று நினைத்திருந்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, அவள் கையால் அதைச் செய்ய வைத்திருக்கிறார். கூட்டத்தில் பேச நல்ல வார்த்தையெல்லாம் அவருக்கு, வாசலில் ஆளை விரட்டுகிற வேலை அவளுக்கு. வீட்டில் ஊமையாக இருப்பார் என்று காலையில் அவள்தானே கேலி பண்ணினாள்? அந்த ஊமைக்கு அர்த்தம் இப்போதுதான் தெரிந்தது.

“எம்மா!”

ரூத் முத்துமீனாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே மெர்வின். மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறந்ததிலிருந்து அந்த வெளிச்சத்தைப் பிலோமினாள் ரெண்டு மூன்று தடவைதான் பார்த்திருப்பாள்.

“இன்னைக்கு இவளை விடப் போறதில்ல. நம்ம வீட்டுலதான் மத்தியானச் சாப்பாடு. நான் கூப்பிட்டா வர மாட்டா. நீ ஒரு வார்த்தை கூப்பிடும்மா.”

“அம்மாவுக்குத்தான் தொண்டை கட்டிருச்சே” என்று சவரியப்பன் முந்திக்கொண்டார்.

முத்துமீனா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். லேசாகத் தலையையும் அசைத்தாள். பேசாமல் இருந்தால் போதும். இவர் அமுக்கிவிடுவார், அந்தப் பெண் மறைத்துவிடுவாள், மகள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவாள். சாப்பாட்டு இலை முன்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். பரிமாறப் போகிற கை இதே கை.

“தொண்டைக்கு ஒண்ணுமில்ல” என்றாள் பிலோமினாள்.

மெர்வின், “அப்பாடி, ரேடியோ வேலை செய்யுது” என்றான்.

“மேடையில ஒரு வீட்டுக்காரி பேசுனாளே, ரூத்து. அது நான்தான்த்தா. நம்ம மாடிதான். பைப்பு ஒழுகலை.”

மெர்வின் சிரிக்க ஆரம்பித்தான். “எம்மா, நீ நல்லாத்தான்...” அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ரூத் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் முத்துமீனாவை. முத்துமீனா தலையைக் குனிந்துகொண்டாள். முத்துமீனா குறித்துக் கொடுத்த அந்த வார்த்தைகளைப் பலமுறை எழுதி, படித்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து நடிக்க வைத்தவள் ரூத். அத்தனை நாளும் அது யாரோ ஒரு அம்மா. இப்போது ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் பழக்கமான குரலில் கேட்டிருக்க வேண்டும். முகத்திலிருந்த வெளிச்சம் அணைவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கத்துவாள் என்று பிலோமினாள் எதிர்பார்த்தாள். அழுவாள் என்றாவது எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராகத்தான் நின்றாள்.

ரூத் கத்தவில்லை. முத்துமீனாவின் கையை அவள் விடவும் இல்லை. ரொம்பத் தணிவாக, மேடையில் பேசின அதே பதவிசான குரலில் கேட்டாள்.

“மீனா பண்ணினது ஒரே ஒரு போனும்மா. அது நடிப்பு. நெசமாவே வீடு தேடிக் கேட்டவங்க எத்தனை பேரு?”

பிலோமினாள் கையை விரித்தாள்.

“ஒரு நர்சுப் பிள்ளை. கைக்குழந்தையோட வெயில்ல நின்னுச்சு.” ஒரு விரலை மடக்கினாள்.

“புதுசாக் கல்யாணமான சோடி ஒண்ணு.” இன்னொரு விரல்.

“அப்புறம் ஒருத்தர். வயசானவரு. பரவையில ஒங்கப்பாவோட ஒரே லாரியில மூட்டை எறக்குனவராம். தலைவர் வீடுன்னு நம்பி வந்தேன்னாரு.” மூணாவது விரல்.

“யாரு?” என்றார் சவரியப்பன். சங்கத்தையே அதிர வைத்த குரல் காற்றாக வந்தது. “பிலோமி, யாரு அது?”

பிலோமினாள் அவர் பக்கம் திரும்பவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தபடியே நாலாவது விரலை மடக்கினாள்.